ஆண்டு போடாத நோட்டீஸ்: ஐரிஷ் நாடக ஆவணங்களில் தேடும் வழி

பழைய டப்ளின் நாடக நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுங்கள். கிழமை இருக்கும், தேதியும் மாதமும் இருக்கும். திரை தூக்கும் நேரம், டிக்கெட் விலை, யாருக்கு என்ன வேஷம் என்பதெல்லாம் இருக்கும். பல நோட்டீஸ்களில் ஆண்டு மட்டும் இருக்காது. அந்த வாரம் நாடகம் பார்க்க வருகிறவருக்கு ஆண்டு எதற்கு? நூறு வருஷம் கழித்து அதைத் தேடி ஒருவர் வந்து உட்காருவார் என்று அச்சகத்துக்காரர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார். அதனால் இந்தக் காகிதங்களோடு வேலை செய்கிறவர் மேஜையில் முதலில் இருக்க வேண்டியது நூறாண்டு காலண்டர்.

'ஜனவரி 26, சனிக்கிழமை' என்று ஒரு நோட்டீஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1901 முதல் 1935 வரை அந்தத் தேதியும் கிழமையும் பொருந்துவது 6 ஆண்டுகளில்தான்: 1901, 1907, 1918, 1924, 1929, 1935. டப்ளினின் புகழ்பெற்ற அரங்கமான அபி தியேட்டரின் பெயர் இருந்தால் 1901 போயிற்று, ஏனென்றால் அபி திறந்ததே 1904 டிசம்பர் 27 அன்று. நடிகர் பட்டியலில் வில்லியம் ஃபே பெயர் இருந்தால் 1907 மட்டுமே மிஞ்சும். ஃபே சகோதரர்கள் 1908 ஜனவரியில் கம்பெனியை விட்டு விலகிவிட்டார்கள். ஒரு பெயர், ஒரு கிழமை, ஒரு கட்டடம் என மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் ஆண்டு பிடிபட்டுவிடும். டிக்கெட் விலையும் உதவும். ஷில்லிங், பென்ஸ் கணக்கில் இருந்தால் 1971 பிப்ரவரிக்கு முந்தையது. அதன் பிறகு பவுனுக்கு 100 பென்ஸ் என்ற தசமக் கணக்கு வந்துவிட்டது.

கட்டடத்தின் பெயரை மட்டும் நம்பினால் இரண்டு இடங்களில் கால் இடறும். முதலாவது குவீன்ஸ் தியேட்டர். 1951 ஜூலை 18 விடியலுக்கு முன் அபியின் மேடைப் பகுதி எரிந்தது. முந்தைய இரவு நடந்தது ஷான் ஓகேசியின் 'தி பிளவ் அண்ட் தி ஸ்டார்ஸ்'. 'வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற படையினர் பாட்டோடு அந்த நாடகம் முடிகிறது என்பதை டப்ளின்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். தீக்குப் பிறகு 1966 ஜூலை 18 அன்று புதுக் கட்டடம் திறக்கும்வரை அபி கம்பெனி குவீன்ஸில்தான் ஆடியது. ஆகவே 1955ஆம் ஆண்டு குவீன்ஸ் நோட்டீஸ் அபி நாடகமாக இருக்கும். 1915ஆம் ஆண்டு குவீன்ஸ் நோட்டீஸுக்கும் அபிக்கும் சம்பந்தமில்லை, அப்போது அது மெலோடிராமா நடந்த வணிக அரங்கம். இரண்டாவது பீகாக். அபியின் சின்ன அரங்கம் அது. ஆனால் 1928இல் ஹில்டன் எட்வர்ட்ஸும் மீஹால் மக் லீமோரும் கேட் தியேட்டரைத் தொடங்கியபோது அவர்களுக்குச் சொந்த இடம் இல்லை. முதல் நாடகங்களைப் பீகாக்கில்தான் போட்டார்கள், 1930இல்தான் பார்னெல் சதுக்கத்துக் கட்டடத்துக்குப் போனார்கள். பீகாக் என்று போட்ட 1928, 1929 நோட்டீஸை அபி பெட்டியில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

இன்னொரு சின்ன விஷயம். அந்தக் காலத்தில் பெரிய நாடகத்துக்கு முன்னால் ஓரங்க நாடகம் ஒன்று போடுவது வழக்கம். பட்டியல் தயாரித்தவர் தலைப்பில் பெரிய நாடகத்தை மட்டும் எழுதி வைத்திருப்பார். ஓரங்க நாடகத்தைத் தேடுகிறவர் தேடுபொறியில் பெயரைத் தட்டி, ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவார். அன்று இரவு எதோடு சேர்த்து ஆடினார்கள் என்று தெரிந்துகொண்டு அந்த நாடகத்தின் பெயரில் தேடினால்தான் கிடைக்கும்.

பிரதி ஏன் கிடைப்பதில்லை

லண்டன் நாடக ஆராய்ச்சியில் பழகியவர்கள் டப்ளினுக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, தணிக்கைப் பிரதி எங்கே என்பது. இல்லை என்பதுதான் பதில். பிரிட்டனில் புது நாடகம் எதுவானாலும் மேடை ஏறும் முன் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினிடம் பிரதி கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். அந்த முறை 1968 வரை இருந்தது. அப்படிச் சேர்ந்த பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் வரிசையாக இருக்கின்றன. அந்த அதிகாரம் அயர்லாந்தில் செல்லவில்லை. பெர்னார்ட் ஷா எழுதி இங்கிலாந்தில் தடைபட்ட 'தி ஷூயிங்-அப் ஆஃப் பிளாங்கோ போஸ்நெட்' நாடகத்தை 1909 ஆகஸ்டில் அபி துணிந்து போட முடிந்தது அதனால்தான். பிரிட்டிஷ் ஆட்சி நடந்த டப்ளின் கோட்டையின் அதிகாரிகள் அரங்கின் உரிமத்தைக் காட்டி மிரட்டிப் பார்த்தார்கள், அபியை நடத்திய யேட்ஸும் லேடி கிரெகரியும் அசையவில்லை. மேடைக்குச் சுதந்திரம் கிடைத்தது, நமக்குப் பிரதி கிடைக்காமல் போயிற்று. பிரதியைக் கட்டாயமாக வாங்கி வைக்க அரசாங்க அலுவலகம் எதுவும் இல்லாததால், அரங்கம் காப்பாற்றியிருந்தால் உண்டு, எழுதியவர் வீட்டில் இருந்தால் உண்டு, இரண்டும் இல்லையென்றால் இல்லை.

இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்த நாடகம் பிறகு லண்டனுக்குப் போனதா என்று பாருங்கள். போயிருந்தால் அங்கே உரிமத்துக்குக் கொடுத்த பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது டப்ளினில் ஆடிய வடிவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிகாரிக்குக் கொடுக்கும் முன்பே வம்பான வரிகளை எடுத்துவிடுவது வழக்கம்.

அரங்கிலேயே தங்கியது பிராம்ப்ட் புத்தகம். மேடை ஓரத்தில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுத்தவர், விளக்குக்கும் திரைக்கும் சைகை கொடுத்தவர் வைத்திருந்த பிரதி. இடப்பக்கம் வெற்றுத்தாள், வலப்பக்கம் வசனம். வெற்றுத்தாளில் யார் எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்று பென்சில் குறிப்பு. ஓரத்தில் விளக்கு, ஒலி, திரைக்கான எண்கள். வெட்டிய வரிகளின் மேல் கோடு. பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் ஒரே புத்தகம் இருபது வருஷம் ஓடியிருக்கும். மறுபடி மறுபடி அதே நாடகத்தைப் போடும்போது புதுப் புத்தகம் செய்யாமல் பழையதிலேயே எழுதிக்கொண்டு போவார்கள். ஒரு கோடு முதல் தயாரிப்பினதா, மூன்றாவது தயாரிப்பினதா என்று எப்படித் தெரியும்? பென்சில், நீல மை, சிவப்புப் பென்சில், பால்பாயிண்ட் என எழுதிய பொருளை முதலில் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓரத்தில் பாத்திரத்தின் பெயருக்குப் பதில் நடிகரின் பெயரையோ முதலெழுத்தையோ எழுதியிருக்கும் இடங்களைத் தேடுங்கள். அவசரத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த நடிகர் எந்த ஆண்டு அந்த வேஷம் கட்டினார் என்பது நோட்டீஸில் இருக்கும். அந்த மையில் எழுதிய எல்லாவற்றுக்கும் அதோடு ஓர் ஆண்டு கிடைத்துவிடும். எது மேல், எது கீழ் என்று தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுதி வையுங்கள்.

ஒரு சொல், ஒரு இரவு

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க நல்ல எடுத்துக்காட்டு 1907 ஜனவரி 26. ஜே. எம். சிங் எழுதிய 'தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' முதன்முதலில் அபியில் ஏறியது அன்றுதான். பெயர்தான் சிங், ஆள் அசல் டப்ளின்காரர். முன்னால் ஆடியது அவருடைய 'ரைடர்ஸ் டு தி சீ'. மூன்றாம் அங்கத்தில் அரங்கில் கூச்சல் எழுந்தது. ஸ்காட்லாந்தில் சொற்பொழிவுக்குப் போயிருந்த யேட்ஸுக்கு லேடி கிரெகரி தந்தி அடித்தார்: 'ஷிஃப்ட்' என்ற சொல்லில் கூட்டம் கலைந்து குழப்பமாகிவிட்டது என்று. பெண்கள் உள்ளே அணியும் உடுப்புக்கு அந்தச் சொல்.

அச்சுப் பிரதியை மட்டும் படிப்பவருக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று விளங்காது. அதில் கதாநாயகன் கிறிஸ்டி சொல்வது, உள்ளாடையோடு நிற்கும் தேர்ந்தெடுத்த பெண்கள் கூட்டம் என்று. மேடையில் கிறிஸ்டியாக நின்ற வில்லியம் ஃபே அந்த இடத்தில் 'மேயோ பெண்கள்' என்று மாற்றிச் சொல்லிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. கதை நடப்பதும் மேயோ மாவட்டத்தில்தான். பொதுவாகச் சொன்னது குறிப்பிட்ட ஊர்ப் பெண்களைச் சொன்னதாக ஆனது. பிரதியில் இல்லாத இந்த ஒரு சொல் அன்றைய இரவைப் பற்றிய நமது புரிதலையே மாற்றுகிறது. இந்த மாதிரி விஷயம் பிரதிகளை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது, பார்த்தவர்களிடம்தான் கிடைக்கும்.

பார்த்தவர்களில் முதல்வர் ஜோசப் ஹாலோவே. கட்டடக் கலைஞர். 1904இல் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தை அபி தியேட்டராக மாற்றிக் கொடுத்தவர் அவரே. 1890களிலிருந்து 1944இல் இறக்கும்வரை டப்ளின் நாடகங்களுக்குத் தவறாமல் போய், வீட்டுக்கு வந்து எழுதி வைத்தார். 221 தொகுதிகள், சுமார் இரண்டரைக் கோடிச் சொற்கள், இப்போது அயர்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கையெழுத்து கொடுமை. பாதிப் பக்கம் ஊர்வம்பு. 'பிளேபாய்' நாடகத்தை அவர் வெறுத்தார், சிங் மேல் அவருக்கு எரிச்சல். ஆகவே ஹாலோவேயைப் படிக்கும்போது எங்களுக்குள் ஒரு விதி உண்டு: அவருடைய ரசனையை நம்பாதே, கண்ணையும் காதையும் நம்பு. யார் எந்த வேஷத்தில் வந்தார், யார் வசனம் மறந்தார், அரங்கில் எவ்வளவு கூட்டம், எப்போது முடிந்தது என்பதில் அவர் அபூர்வமான சாட்சி. அச்சில் வந்திருக்கும் தேர்வுத் தொகுப்புகள் மிகச் சிறு பகுதிதான். தொகுப்பில் உங்கள் நாடகம் இல்லையென்றால் நாட்குறிப்பில் இல்லை என்று அர்த்தமாகாது. தேதியை முதலில் உறுதிசெய்துகொண்டு அந்தத் தேதிக்கு நேராகப் போங்கள். பெயரை வைத்துப் புரட்ட ஆரம்பித்தால் ஒரு வாரம் போய்விடும்.

எழுதும் கட்டத்தைப் பார்க்க டிரினிடி காலேஜுக்குப் போக வேண்டும். சிங்கின் கையெழுத்துப் பிரதிகளும் வரைவுகளும் அங்கே. அவர் பிளிக்கன்ஸ்டெர்ஃபர் என்ற சிறு தட்டச்சுப் பொறியில் தானே அடித்து, அதன் மேல் கையால் திருத்தி, மறுபடி அடிப்பார். அதனால் வரைவுகளை வரிசைப்படுத்த ஒரு பிடி கிடைக்கிறது: ஒரு வரைவில் கையால் சேர்த்த வரி, அடுத்த வரைவில் அடித்த எழுத்தாக வந்திருக்கும். பக்கத்தில் பக்கம் வைத்து இதைச் சரிபார்த்தால் எது முந்தியது என்ற கேள்வி அங்கேயே தீரும். யேட்ஸ் விஷயத்தில் இந்த வசதி கிடையாது. சொல்லின் கடைசிப் பகுதியை அலையாக இழுத்துவிடுவார், எழுத்துப்பிழை தாராளம். புதிதாக வருகிறவர்கள் அச்சான கடிதம் ஒன்றை அதன் மூலத்தோடு வைத்து ஒரு மணி நேரம் பழகிவிட்டு அச்சாகாததைத் தொடுவது நல்லது.

பெயர் தரும் தலைவலி

பட்டியலில் தேடிக் கிடைக்காமல் போவதற்கு முதல் காரணம் பெயர். மேடைப் பெயர், ஐரிஷ் பெயர், ஆங்கிலப் பெயர், கல்யாணத்துக்குப் பிந்தைய பெயர் என ஒருவருக்கே நாலு. 'பிளேபாய்' நாயகி மாலி ஆல்குட் நோட்டீஸில் மாய்ர ஓ'நீல். பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் உண்மையில் வில்லியம் ஷீல்ட்ஸ், அரசு உத்தியோகத்தில் இருந்துகொண்டே நடித்தவர். அவர் தம்பி ஆர்தர் ஷீல்ட்ஸ் சொந்தப் பெயரிலேயே நடித்தார். அந்தக் குடும்பக் காகிதங்கள் கால்வே பல்கலைக்கழகத்தில் ஷீல்ட்ஸ் என்ற பெயரில் இருக்கின்றன, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று தேடிக்கொண்டிருந்தால் கையில் சிக்காது. எஃப். ஜே. மெக்கார்மிக், பீட்டர் ஜட்ஜ். ஏ.ஈ. என்று கையெழுத்திட்டவர் ஜார்ஜ் ரஸ்ஸல். பிரையன் ஓ'நோலன் நாவலில் ஃப்ளான் ஓ'பிரையன், பத்திரிகையில் மைல்ஸ். மக் லீமோர் லண்டனில் ஆல்ஃபிரட் வில்மோராகப் பிறந்தவர், ஐரிஷ் பெயரை அவரே சூட்டிக்கொண்டார்.

ஐரிஷ் மொழிப் பொருள்கள் என்றால் எழுத்துமுறைக்கும் கவனம் வேண்டும். பழைய கேலிக் அச்சில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பார்கள், ரோமன் எழுத்தில் அதே இடத்தில் 'ஹெச்' சேர்ப்பார்கள். உயிரெழுத்தின் மேல் சாய்கோடு சில பட்டியல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. 1940களிலும் 1950களிலும் எழுத்துக்கூட்டலும் சீர்திருத்தப்பட்டதால் ஒரே சொல்லுக்குப் பழைய கூட்டல் ஒன்று, புதியது ஒன்று. கால்வேயில் 1928இல் தொடங்கிய ஐரிஷ் மொழி அரங்கமான தைவ்யார்க்கின் காகிதங்களில் தேடுகிறவர்கள் ஒரு நாடகத் தலைப்பை மூன்று கூட்டலிலாவது போட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் செய்வது, வேலை தொடங்கும் முன்னே ஒரு தாளில் ஒவ்வொரு ஆளுக்கும் தெரிந்த எல்லாப் பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்வது. தேடத் தேட அந்தத் தாள் நீளும்.

எது எங்கே

டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகம்தான் மையம். யேட்ஸ் குடும்பம் கொடுத்தவை, ஹாலோவே நாட்குறிப்பு, நாடகாசிரியர் பிரையன் ஃப்ரீலின் காகிதங்கள், கவிஞர் ஷேமஸ் ஹீனி 2011 டிசம்பரில் கொடுத்த இலக்கியக் காகிதங்கள் எல்லாம் அங்கே. ஃப்ரீல் தொகுப்பு நாடக வாரியாக அடுக்கப்பட்டிருக்கிறது. குறிப்பு, வரைவு, அந்த நாடகம் தொடர்பான கடிதம் என ஒரே இடத்தில் கிடைப்பதால் புதியவர்கள் பழக நல்ல தொகுப்பு அது. டிரினிடியில் சிங்கோடு நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டும் உண்டு. ஆனால் பெக்கெட்டுக்கு இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகமும் டெக்சஸின் ஹாரி ரான்சம் மையமும் இல்லாமல் முடியாது. கால்வே பல்கலைக்கழகத்தில் ட்ரூயிட் நாடகக் குழு, தைவ்யார்க், பெல்ஃபாஸ்டின் லிரிக் அரங்கம் ஆகியவற்றின் ஆவணங்கள். பெல்ஃபாஸ்ட் லினன் ஹால் நூலகத்தில் வடபகுதி நாடகத்துக்கான தனித் தொகுப்பு. டப்ளின் பியர்ஸ் தெரு நகர நூலகத்தில் 1981இல் தொடங்கிய ஐரிஷ் தியேட்டர் ஆர்க்கைவ். பெரிய அரங்குகளின் நிழலில் மறந்துபோன சின்னக் குழுக்களைத் தேடுகிறவர்கள் பியர்ஸ் தெருவுக்கு முதலில் போகலாம்.

மீதி அமெரிக்காவில். கேட் தியேட்டரின் ஆரம்பகாலக் காகிதங்கள் சிகாகோ பக்கத்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். லேடி கிரெகரியின் நாட்குறிப்பும் கடிதங்களும் நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்பில். ஹீனியின் கடிதங்களில் பெரும்பகுதி அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில். பணம் ஒரு காரணம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விலை கொடுத்து வாங்கின. அதற்கு முன்பே காகிதங்கள் கடல் கடக்கத் தொடங்கிவிட்டன என்பது இன்னொன்று. 1911-12 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் 'பிளேபாய்' ஆடியதற்காக ஃபிலடெல்ஃபியாவில் நடிகர்களைக் கைது செய்தார்கள், வாதாட வந்தவர் நியூயார்க் வக்கீல் ஜான் குவின். ஐரிஷ் எழுத்தாளர்களிடம் கையெழுத்துப் பிரதி வாங்கிச் சேர்த்தவரும் அவரே. ஆகவே ஒரு கடிதத்தின் ஒரு பாதி டப்ளினிலும் அதற்கு வந்த பதில் நியூயார்க்கிலும் கிடப்பது சகஜம். டப்ளினில் ஒருவர் வாதம் செய்துகொண்டே போகிறார், எதிராளி வாயே திறக்கவில்லை என்று தோன்றினால், எதிராளியின் பக்கம் வேறு நாட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் ஆகிவிட்டதே, வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோகும் இடம் அபி டிஜிட்டல் ஆர்க்கைவ். கால்வே பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கி பத்து லட்சத்துக்கும் அதிகமான பொருள்களை ஸ்கேன் செய்தது. பிராம்ப்ட் புத்தகம், நோட்டீஸ், புகைப்படம், ஒலி, வீடியோ எல்லாம் உண்டு. ஆனால் காப்புரிமை காரணமாகப் பெரும்பகுதியைக் கால்வே வாசிப்பு அறையில் இருக்கும் கணினியில்தான் பார்க்க வேண்டும். தொடக்க கால மினிட் புத்தகங்கள், அதாவது நிர்வாகக் கூட்டக் குறிப்பேடுகள் மட்டும் எல்லோருக்கும் இணையத்தில் திறந்திருக்கின்றன. அந்த மினிட் புத்தகங்கள் சலிப்பானவை என்று பலர் தாண்டிப் போகிறார்கள். சம்பள உயர்வு, ராயல்டி, எந்த நாடகத்தைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதெல்லாம் அங்கேதான். 1925இல் அரசாங்கம் 850 பவுன் மானியம் கொடுத்து அபி அரசு உதவி பெறும் அரங்கமான பிறகு, பணத்தோடு யார் யாருடைய கை உள்ளே வந்தது என்பதையும் அங்கே தொடர்ந்து பார்க்கலாம்.

வாசிப்பு அறையில்

வரிசை முக்கியம். முதலில் பிளேயோகிராஃபி அயர்லாந்து தளத்தில் நாடகத்தின் முதல் தயாரிப்பு, தேதி, அரங்கம், நடிகர்களை எடுங்கள். 1904க்குப் பிந்தைய புது நாடகங்களுக்கு அது போதும். அடுத்து அந்த வாரப் பத்திரிகைகள். மூன்றாவதாக நூலகத்தின் தொகுப்பு விவரப் பட்டியலை முழுதாக, முன்னுரையோடு படியுங்கள். எந்தப் பெட்டி எப்படி வந்தது, எது மூடியிருக்கிறது என்று முன்னுரையில்தான் எழுதியிருப்பார்கள். நேராக எண்ணுக்குத் தாவுகிறவர்கள் நாள் ஒதுக்கிப் போய் நின்ற பிறகு கோப்பு மூடியது என்று தெரிந்து திரும்புவார்கள். எண் 'அக்.' (Acc.) என்று தொடங்கினால் அது நூலகத்துக்கு வந்து சேர்ந்தபோது கொடுத்த எண், வகைப்படுத்தாத சரக்கு. அதைக் கேட்டு வாங்க முடியுமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

கையெழுத்துப் பிரதி அறைக்கு முன்பதிவு வேண்டும், வாசகர் சீட்டு வேண்டும், புகைப்பட அடையாளம் வேண்டும். டிரினிடியில் பழைய நூலகப் புதுப்பிப்பு வேலைகளால் இடமும் நேரமும் மாறுகின்றன, டிக்கெட் எடுக்கும் முன் மின்னஞ்சல் போடுங்கள். உள்ளே பென்சில் மட்டும். பேனா, பை, தண்ணீர் வெளியே. வெள்ளைக் கையுறை சினிமாவில்தான். காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கை நல்லது, கையுறை போட்ட விரலுக்கு ஓரம் தெரியாமல் கிழிந்துவிடும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் கையுறை. ஒரு நேரத்தில் ஒரு கோப்பு, கோப்புக்குள் இருக்கும் வரிசையைக் கலைக்கக் கூடாது. தவறான வரிசை என்று உங்களுக்குத் தோன்றினாலும் நீங்களே மாற்றாமல் ஊழியரிடம் சொல்லுங்கள்.

படம் எடுக்க அனுமதி இருந்தால் முதல் படம் பெட்டியின் லேபிள், இரண்டாவது கோப்பு உறை, மூன்றாவதிலிருந்து தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் எடுங்கள். லேடி கிரெகரி காலத்தவர்கள் காகிதத்தை வீணாக்க மாட்டார்கள், கணக்குத் தாளின் பின்னால் வசனம் இருக்கும். ஒவ்வொரு கோப்பு முடிந்ததும் ஆவணக் கூடம், தொகுப்பு, எண், தாள் எண் என நாலையும் அங்கேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து நானூறு படங்களைத் திறந்து இது எந்தப் பெட்டி என்று யோசிக்கும்போது இதன் அருமை தெரியும். ஒரு நாளில் மூன்று நான்கு கோப்புக்கு மேல் ஒழுங்காகப் படிக்க முடியாது. பத்துக் கோப்பு கேட்டு வாங்கி அடுக்கி வைப்பதால் ஊழியருக்குத்தான் வேலை.

வெளியிடும்போது ஒன்றை மறக்காதீர்கள். கடிதத்தின் காகிதம் நூலகத்துக்குச் சொந்தம், அதில் உள்ள எழுத்து எழுதியவரின் வாரிசுக்குச் சொந்தம். அயர்லாந்தில் பொதுவாக இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டு. சிங் (1909), லேடி கிரெகரி (1932), யேட்ஸ் (1939) பிரசுரித்த படைப்புகள் திறந்துவிட்டன. ஓகேசிக்கு 2034 முடிய வேண்டும், பெக்கெட்டுக்கு 2059, ஃப்ரீலுக்கு 2085. நூலகம் படம் எடுக்கக் கொடுத்த அனுமதி, அச்சிடக் கொடுத்த அனுமதி ஆகாது.

பெட்டி திறக்கும் பக்கம்

இது ஆவணக் கூடத்தில் பெட்டிகளை வாங்கி ஒழுங்குபடுத்துகிறவர்களுக்கு. நாடகக் கம்பெனியிலிருந்து வரும் பெட்டிகள் எழுத்தாளர் வீட்டுப் பெட்டிகளைப் போல இருப்பதில்லை. மேடைக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில், பெயிண்ட் டப்பாவோடு கிடந்தவை. முதலில் தனி அறையில் வைத்துப் பூச்சியும் பூஞ்சையும் பார்க்க வேண்டும். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கக் கூடாது, கால்களை மெல்ல நிமிர்த்தி உருவ வேண்டும். செல்லோடேப் ஒட்டியது மஞ்சளாகி விட்டிருக்கும், அதைச் சீரமைப்பாளர் இல்லாமல் தொடாதீர்கள். 1980களின் ஃபேக்ஸ் தாள் வெப்பத்தாள், எழுத்து மங்கிக்கொண்டே போகும். வந்த வாரமே நகலெடுங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கும். பத்திரிகை நறுக்குகள் ஒட்டிய ஆல்பத்தில் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும், நடுவில் அமிலமற்ற தாள் வைக்க வேண்டும். வினிகர் வாசனை வந்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதைகிறது என்று அர்த்தம், மற்ற ஃபிலிமிலிருந்து உடனே பிரியுங்கள். அரங்கின் பின்சுவரில் கேமரா வைத்து எடுத்த விஹெச்எஸ் டேப்புகளைப் 'பார்க்கலாமே' என்று வீட்டுப் பிளேயரில் போட வேண்டாம். முதல் ஓட்டமே டிஜிட்டல் பதிவு ஓட்டமாக இருக்கட்டும், இரண்டாவது ஓட்டம் கிடைக்காமலே போகலாம். சேமிப்பு அறைக்கு 13 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 35 முதல் 60 சதவீதம். எண்ணைவிட, திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பதுதான் பெரிது.

காசு இல்லாமல் ஆவணம் அழிந்த கதைக்கு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் (யுசிடி) உள்ள தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பைப் பார்க்கலாம். 1935இல் அமைந்த ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் எடிஃபோன் என்ற கனமான கருவியைத் தூக்கிக்கொண்டு போய், மெழுகு உருளையில் கதைகளைப் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதினார்கள். எழுதி முடித்ததும் மெழுகைச் சீவி அடுத்த கதைக்குப் பயன்படுத்தினார்கள். சொல் இருக்கிறது, பெரும்பாலும் குரல் இல்லை. அங்கே இருப்பதை ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் என்று படிக்க வேண்டும், ஆசிரியரின் பிரதி என்று படிக்கக் கூடாது. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளை வைத்துத் தொகுத்த சுமார் 7,40,000 பக்கங்களில் பெரும்பகுதி தூகஸ் இணையதளத்தில் திறந்திருக்கிறது. மாவட்டம், பள்ளி வாரியாகத் தேடுங்கள், சொல்தேடலை மட்டும் நம்ப வேண்டாம்.

கடைசியாக, சென்னைக்காரர்கள் பக்கத்திலேயே தேடக்கூடிய ஒன்று. 1902இல் யேட்ஸும் ஃபே சகோதரர்களும் அபிக்கு முந்தைய குழுவில் நாடகம் போட்டபோது அவர்களோடு இருந்தவர் ஜேம்ஸ் கஸின்ஸ். அவருடைய 'தி ரேஸிங் லக்' நாடகத்தையும் அந்த ஆண்டே ஆடினார்கள். 1915இல் அன்னி பெசன்ட் அழைக்க, அவரும் மனைவி மார்கரெட்டும் மதராஸுக்கு வந்து இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய 'வி டூ டுகெதர்' என்ற சுயசரிதையை 1950இல் மதராஸ் கணேஷ் கம்பெனி அச்சிட்டது. டப்ளின் நாடக இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளை உள்ளிருந்து சொல்லும் நூல்களில் அது ஒன்று, பழைய நூலகங்களில் தேடிப் பார்க்கலாம். எழுதியது ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அதில் வரும் ஒவ்வொரு தேதியையும் அன்றன்றைக்கு எழுதிய ஹாலோவேயோடு ஒத்துப் பார்த்துவிட்டே எடுத்துக்கொள்ள வேண்டும்.